வலது முன்தண்டும் ஐந்து சண்டைக்காரர்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்தக்கடை வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்கு உரியவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான இன்னாசிமுத்து. அவர் மனைவி ஆனிமேரி. கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் மகன் ஆல்பின். சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் அந்தச் சபைக்கே போய்வரும் மருமகள் ஹெப்சிபா. ஆனிமேரியின் தம்பியும் மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவருமான சமயநல்லூர் சவரிமுத்து. உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் அவருடைய மகன் ஜெர்சன். ஏழாவது ஆள் திருவாதவூர் ஆண்டிச்சாமி. அவர் இன்னாசிமுத்துவிடம் படித்தவர். மகள் முத்துச்செல்வியின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வந்தவரை ஆனிமேரி சாப்பாட்டுக்கு உட்கார்த்தி வைத்துவிட்டார். இவ்வளவு பேர்தான். எட்டாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் அன்றைக்கு அந்த வீட்டுக் கேட்டைக்கூடத் தொடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஜெர்சன் தன் கைபேசியிலிருந்து எதையோ டிவியில் ஓடவிட்டான். கம்பிவலை அடைத்த எட்டுப் பக்கக் கூண்டு. உள்ளே அரைக்கால்சட்டை மட்டும் போட்ட இரண்டு ஆண்கள். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், மேலே ஏறிக் கழுத்தை நெரிக்கலாம். எம்.எம்.ஏ. என்று அதற்குப் பெயராம். செய்திகளும் வேளாங்கண்ணிப் பூசையும் தவிர வேறெதையும் அந்த டிவியில் பார்த்திராத இன்னாசிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவனுகளுக்கு மேல்சட்ட கிடையாதா?"

"இருந்தா அதப் புடிச்சே இழுத்துப் போட்டுருவானுக மாமா," என்றான் ஜெர்சன்.

சவரிமுத்து மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "மச்சான், அந்தச் செவத்தவனப் பாருங்க. இன்னும் ஒரு நிமிசம். படுத்துருவான்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிவந்தவன் படுத்தான்.

"நீ முன்னாடியே பாத்திருப்ப மாப்ள."

"எங்கக்கா மேல சத்தியமா இல்ல."

"என்னய எதுக்குடா இழுக்குற?" என்றது அடுப்படியிலிருந்து ஆனிமேரியின் குரல்.

"பத்துக்கு எட்டு சொல்லிருவேன் மச்சான். ஜெர்சனக் கேளுங்க. இதுக்கெல்லாம் ஒரு கண்ணு வேணும்."

இந்த இடத்தில் இன்னாசிமுத்து பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால், கண்ணைப் பற்றி அவருக்கே பாடம் சொல்வதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "முப்பத்தெட்டு வருசம் மாப்ள. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் குடுக்குறப்பவே எவன் தேறுவான், எவன் தேற மாட்டான்னு மொகத்தப் பாத்துச் சொன்னவன் நான். ஆண்டிச்சாமி, நீ சொல்லு."

ஆண்டிச்சாமி சங்கடமாகச் சிரித்தார். "என்னயத் தேற மாட்டேன்னு சொன்னீக சார். தேறல."

"பத்தாங்கிளாஸ் பயலுகளச் சொல்றது வேற மச்சான்," என்றார் சவரிமுத்து. "அவனுக திருப்பி அடிக்க மாட்டானுக. இம்புட்டு நம்பிக்க இருந்தா ஒரு பந்தயம் கட்டிப் பாப்பமா?"

"அந்த வார்த்தை இந்த வீட்டுல வேணாம்."

"சரி, ஒப்பந்தம்."

"காசு கீசுன்னு யாராச்சும் பேசுனீங்கன்னா டிவிய அமத்திருவேன்," என்றாள் ஹெப்சிபா.

"காசு எதுக்கும்மா? சட்டப்படியும் குத்தம், எங்க மச்சான் மொறைப்படியும் குத்தம்," என்ற சவரிமுத்து, மோரில் மிச்சம் இருந்ததைக் குடித்தார். "வலது முன்தண்டு."

ஆனிமேரி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒத்தக்கடையைத் தாண்டித் திருவாதவூர் போகும் பாதையில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் திருவிழா. கடைசி நாள் சாயங்காலம் சந்தியாகப்பர் சப்பரத்தில் ஊரைச் சுற்றி வருவார். அந்தச் சப்பரத்துக்குத் தேக்கு மரம் கொடுத்தவர் இன்னாசிமுத்துவின் பாட்டனார். மரத்தை ஏற்றிவர வண்டியும் மாடும் கொடுத்தவர் சவரிமுத்துவின் பாட்டனார். மரம் கொடுத்த குடும்பத்துக்கு வலது பக்கத்து முன்தண்டு, வண்டி கொடுத்த குடும்பத்துக்கு அதே பக்கத்துப் பின்தண்டு என்று அன்றைய பங்குச்சாமியார் வைத்தார். எத்தனையோ சாமியார்கள் மாறிவிட்டார்கள், தண்டு மாறவில்லை. போன வருடம்வரை இன்னாசிமுத்துவே தோள் கொடுத்தார். இப்போது எழுபத்தொரு வயது, முழங்கால் மடங்கினால் நிமிர மறுக்கிறது. இந்த வருடம் ஆல்பினுடைய முறை.

"மூணு தலைமுறையா ஒங்க முதுகப் பாத்துக்கிட்டே நடக்குறோம் மச்சான்," என்றார் சவரிமுத்து. "ஒங்கப்பா முதுகு, ஒங்க முதுகு. இனி ஆல்பின் முதுகயும் எம்மகன் பாக்கணுமா? அவன் தோளயும் பாருங்க, இவன் தோளயும் பாருங்க."

ஏழு பேரும் பார்த்தார்கள். ஜெர்சனின் தோள் அந்தச் சோபாவின் இரண்டு பேர் இடத்தை அடைத்திருந்தது. ஆல்பின் மடிக்கணினிப் பையைத் தவிர வேறெதையும் தோளில் போட்டறியாதவன்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா, ஜெர்சனே தூக்கட்டும்," என்று ஆல்பின் தொடங்கினான். தகப்பனார் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"பயமா இருந்தா வேணாம் மச்சான். வாத்தியாருங்களுக்குக் கரும்பலகைக்கு முன்னாடிதான தைரியம்," என்றார் சவரிமுத்து.

தனியாக இருந்திருந்தால் இன்னாசிமுத்து எழுந்து போயிருப்பார். ஆனால், ஆண்டிச்சாமி உட்கார்ந்திருந்தார். தம்மிடம் படித்த பிள்ளை எதிரில் இன்னாசிமுத்து பின்வாங்கியதில்லை.

"எழுதிக்க," என்றார்.

ஒப்பந்தம் இதுதான். அதற்கு இரண்டு வாரம் கழித்து, கொடியேற்ற ஞாயிறன்று, பெரிய அளவில் ஐந்து சண்டைகள் இருந்தன. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை ஏழரைக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் இவர்கள் பூசையில் இருப்பார்கள். ஆகவே இருவரும் ஜெயிக்கப்போகும் ஐந்து பேரை எழுதி, உறையில் ஒட்டி, பூசைக்குப் போகுமுன் ஹெப்சிபாவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் கத்தோலிக்கரும் அல்லாத, சண்டையும் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். கொடியேற்றம் முடியும்வரை யாரும் கைபேசியைத் தொடக் கூடாது. சவரிமுத்து ஜெயித்தால் முன்தண்டு ஜெர்சனுக்கு. இன்னாசிமுத்து ஜெயித்தால் தண்டைப் பற்றி அந்தக் குடும்பத்தில் இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

விருந்தாளிகள் போன பிறகுதான் இன்னாசிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சுவரில் தகப்பனார் படம். வேட்டியும் அங்கவஸ்திரமும், தண்டு அழுத்திக் காய்த்துப்போன வலது தோளும். அந்தத் தோளின் இடத்தை பத்துக் காட்டுமிராண்டிகளின் மேல் வைத்துவிட்டோமே என்று அன்று ஜெபமாலையை இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலை ஆல்பினின் மடிக்கணினியில் வேலையை ஆரம்பித்தார். பத்துச் சண்டைக்காரர்களுக்கும் மதிப்பெண் பட்டியல் போட்டார். வயது, உயரம், கையின் நீளம், இதுவரை ஜெயித்தது, தோற்றது, எப்படித் தோற்றது. குத்து வாங்கி விழுந்தவன் அடுத்த தடவையும் சீக்கிரம் விழுகிறான் என்று தெரிந்துகொண்டார். குத்துக்காரனும் மல்யுத்தக்காரனும் மோதினால், எங்கே சண்டை நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன் மல்யுத்தக்காரன்தான் என்று தெரிந்துகொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் கூண்டுக்குள் வராதவனை நம்பக் கூடாது என்று எழுதி, அடியில் கோடு போட்டார். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கை தளர்ந்துவிடும் என்று எல்லா இடத்திலும் போட்டிருந்ததை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

"அது தப்பான கணக்கு," என்றார் ஆல்பினிடம்.

"நாலாயிரம் சண்டைய வச்சு எடுத்ததுப்பா."

"நாலாயிரம் பேரும் சரியாச் சாப்பிடாம இருந்திருப்பான்."

ஆல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். புள்ளியியல் என்று வந்துவிட்டால் அவனுக்கும் முதுகு நிமிர்ந்துவிடும். "அப்பா, யாரு ஜெயிப்பான்னு கண்டுபிடிக்கிறது ஒங்க வேலை இல்ல."

"பெறகு?"

"மாமாவ விட ஒண்ணே ஒண்ணு கூட வாங்கணும். அவ்வளவுதான். மாமா எப்படி எழுதுவாரு? ஒவ்வொரு சண்டைக்கும் இவன் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்னு ஒரு ஆளப் போட்டிருப்பாங்க. ஜெர்சன் அவனத்தான் எழுதச் சொல்லுவான். அப்படிப் போட்டவன் மூணு சண்டைல ரெண்டுல ஜெயிக்கிறான். அஞ்சுக்கு மூணு வந்துரும். நீங்களும் அதே அஞ்சு பேர எழுதுனா சமம். அஞ்சு பேரையும் மாத்தி எழுதுனா தோல்வி. நாலு பேர அப்படியே எழுதிட்டு ஒருத்தன மட்டும் மாத்துங்க. அந்த ஒண்ணுலதான் போட்டி."

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "அவன் எழுதுறதையே நானும் எழுதணுமா? அதுக்குப் பேரு காப்பியடிக்கிறது."

"அவரு பேப்பர எட்டிப் பாத்தாத்தான் காப்பி. யோசிச்சுக் கண்டுபிடிச்சா உத்தி."

அன்று முழுதும் அதை மனதில் போட்டு உருட்டினார். முப்பத்தெட்டு வருடத்தில் துண்டுச்சீட்டு வைத்திருந்த இருபத்தாறு பேரைப் பிடித்து வெளியே அனுப்பியவர் அவர். கடைசியில், சரியான விடை எல்லா விடைத்தாளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். நாலு பேரை எழுதினார்.

மாற்ற வேண்டிய அந்த ஒருவன் யார் என்பதுதான் சிக்கல். அதற்கு ஆண்டிச்சாமி வந்தார்.

ஆண்டிச்சாமியிடம் இரண்டு ஜல்லிக்கட்டுக் காளைகள் உண்டு. அடுத்தவர் காளையை வாடிவாசலுக்குப் பின்னால் நிற்கும்போதே பார்த்து, இது நின்று விளையாடும், இது ஓடிப்போகும் என்று சொல்லிவிடுவார். குறித்த அளவுக்கு மேல் எடை இருக்கிறதா என்று சண்டைக்கு முந்தின நாள் நிறுத்துப் பார்ப்பார்கள். அந்தப் படங்களை ஆல்பின் சனிக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஆண்டிச்சாமி கைபேசியைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இவன் யாரு சார்?"

"டாரல் ஹாக்ஸ்," என்றார் இன்னாசிமுத்து. "அமெரிக்கன். இருபத்தேழு வயசு. தொடர்ந்து எட்டு ஜெயிச்சிருக்கான். மொதல் சண்டைல வாரான். இவன்தான் ஜெயிப்பான்னு ஒலகமே சொல்லுது."

"தண்ணி காட்டாமக் கூட்டியாந்திருக்கானுக."

"எப்படிச் சொல்ற?"

"மொகத்தப் பாக்காதீக சார், மொகத்துல மொறப்புத்தான் இருக்கும். விலாவப் பாருங்க. தோலு எலும்போட ஒட்டிக் கெடக்கு. ஒதட்டப் பாருங்க, வெடிச்சிருக்கு. அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டுல்ல நிக்கிறான்."

ஆல்பின் செய்தியைத் தேடிப் படித்தான். ஹாக்ஸ் முதல் தடவை அரைக் கிலோ கூடுதலாக நின்றிருக்கிறான். ஒரு மணி நேரம் அவகாசம் வாங்கி, வெந்நீரில் உட்கார்ந்து வேர்த்து, திரும்ப வந்து எடை காட்டியிருக்கிறான். "ஆனா ஒரு நாள் இருக்கே. தண்ணி குடிச்சுத் தேத்திக்கிருவாங்க."

"குடிச்சா வயிறு நெறையும் தம்பி. சத்து வந்துருமா? மொதச் சுத்துல பாய்வான், பாத்துக்கங்க. மூணாவதுல நாக்கு வெளிய வந்துரும்." ஆண்டிச்சாமி எதிராளியின் படத்தைத் தள்ளினார். "இந்தா நிக்கிறான் பாருங்க, வத்தலா. இவனுக்கு வயித்துல சோறு இருக்கு. கழுத்தத் தளர விட்டிருக்கான். கோவமே இல்ல. இவன் நின்னு வெளையாடுவான்."

அந்த வத்தலுக்குப் பெயர் மத்தேயோ கிரிசாந்தி. இத்தாலிக்காரன். உலகமே தோற்பான் என்று சொன்னது. வயதைப் பார்த்தார் இன்னாசிமுத்து. முப்பத்தெட்டு. அதற்கு மேல் அவருக்கு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானமே தாளை எடுத்து, மேலே 'வெற்றி பெறுவோர்' என்று தலைப்பிட்டு, பெயர்களைத் தமிழில் அழகாக எழுதினார். சண்டைபோடும் பத்துப் பேரில் இரண்டு ஜோவாகிம் இருந்ததால், பள்ளியில் ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்து எழுதுவது போல, தாம் தேர்ந்தெடுத்தவனுடைய பட்டப்பெயரையும் சேர்த்து எழுதினார். உறைக்கு மேசை இழுப்பறையைத் துழாவினார். ஓய்வுபெற்றவர் வீட்டில் உறை ஏது? கிடைத்தது பூசைக் கருத்து உறைதான். நோய் தீர, பரீட்சையில் தேற, இறந்தவர் ஆன்மா இளைப்பாற என்று அவரவர் கருத்தை எழுதிக் கோயில் பெட்டியில் போட்டால், சாமி பூசையில் வாசிப்பார். அதற்கென்று பங்கில் அச்சடித்துக் கொடுத்த வெள்ளை உறை. பெயர்ச்சீட்டை அதில் வைத்து ஒட்டி, டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

ஞாயிறு காலை கொடிமரத்து வேலையைக் கவனிக்க ஆறு மணிக்கே கிளம்பினார். "ஹெப்சிபா, டிவி பக்கத்துல வச்சிருக்கேன். எடுத்து வச்சுக்கம்மா," என்று குரல் கொடுத்தார். குளியலறையிலிருந்து, "சரி மாமா," என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து வந்து, கரண்ட் பில் உறை ஒன்றை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். ஏழு மணிக்குப் பட்டுப்புடவையும் ஜெபப்புத்தகமுமாகப் புறப்பட்ட ஆனிமேரி, டிவி பக்கத்தில் கருத்து உறையைப் பார்த்தார். 'கொடியேத்தத்தன்னைக்குக் கருத்து எழுதி வச்சிட்டு மறந்துட்டுப் போயிட்டாரே' என்று எடுத்துக்கொண்டு போய், கோயில் வாசலில் இருந்த பெட்டியில் போட்டார். முப்பத்தொன்பது வருடமாக அந்த வீட்டிலிருந்து அந்த உறையைப் பெட்டியில் சேர்ப்பது அவர்தான்.

பூசை ஏழரைக்குத் தொடங்கியது. கொடியேற்ற நாள் என்பதால் பிரசங்கம் நீண்டது. சந்தியாகப்பர் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பி வரவே அரைமணி ஆயிற்று. கடிகாரம் எட்டேகாலைக் காட்டியபோது பங்குச்சாமியார் உறைகளைப் பிரித்து மன்றாட்டுகளை வாசித்தார். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதமே ஆன இளம் சாமியார். பிரசவம் நலமாக, வீட்டு மனை விற்க, பேரனுக்கு விசா கிடைக்க. ஒவ்வொன்றின் முடிவிலும் கோயில் நிறைந்த அறுநூறு பேரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள்.

அடுத்த தாளை எடுத்தவர் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு வாசித்தார்.

"வெற்றி பெற வேண்டி... மத்தேயோ கிரிசாந்தி, ரஸ்லான் தாவூரோவ், பெனடிட்டோ சலசார், தோமாஸ் வெசெலி, கசாப்புக்கடை ஜோவாகிம் ஆகியோருக்காக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது ஊர்.

முதல் வரிசையில் நின்றிருந்த இன்னாசிமுத்து திரும்பவில்லை, குனியவில்லை. பக்கத்துப் பெண்கள் வரிசையில் ஆனிமேரி மட்டும் பெருமையாகக் கணவரைப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும் மனசு எத்தனை பேருக்கு வரும்? மேலூர் ரோட்டில் கறிக்கடை வைத்திருந்த சுவக்கின், ஜோவாகிம் என்பது தம் பெயரின் இன்னொரு வடிவம் என்பதால், தமக்காக யாரோ வேண்டியிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டாவது வரிசையில் நின்ற சவரிமுத்து விரல்விட்டு எண்ணினார். ரஸ்லான் தம்முடையவன். பெனடிட்டோ தம்முடையவன். தோமாஸ், ஜோவாகிம் இருவரும் தம்முடையவர்கள். கிரிசாந்தி? வாசித்தது யாருடைய சீட்டு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மச்சானின் காதருகே குனிந்தார்.

"ஊரையே எறக்கிட்டீகளே மச்சான்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா," என்று உதட்டை அசைக்காமல் சொன்னார் இன்னாசிமுத்து.

கொடியேற்றம் முடியப் பத்தரை ஆயிற்று. கோயில் வாசலில் பந்தலடியில் கூட்டம் கலையாமல் நின்றது. கொடிக்கயிறு வாங்கிக் கொடுத்த ஆண்டிச்சாமியும் நின்றார். ஹெப்சிபா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேகமாக வந்தாள். அவளுடைய சபையில் அன்றைக்கு ஆராதனை மாலையில்தான். காலையில் ஐந்து சண்டையையும் பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"மாமா, ஒங்க கவர வீடெல்லாம் தேடுறேன், காணோம்!"

"அப்ப செல்லாது," என்றார் சவரிமுத்து. "ஹெப்சிபா கைல குடுத்தாத்தான் கணக்கு."

"அறுநூறு பேரு காதுல குடுத்திருக்கேன், பத்தாதா?" என்றார் இன்னாசிமுத்து.

அந்த நேரம் பார்த்துப் பங்குச்சாமியார் பூசை உடுப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். "தலைமையாசிரியர் ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த அஞ்சு பேரும் யாரு? நம்ம பங்குக்கு உதவி பண்றவங்களா?"

பந்தலடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாசிமுத்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சவரிமுத்துகூட அவர் அப்படிச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தார். ஆனால், பொய் சொன்ன வாயோடு முன்தண்டைப் பற்றி எப்படிப் பேசுவது? இன்னாசிமுத்து அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார்.

"இல்ல சாமி. கூண்டுச் சண்டைக்காரங்க. நானும் எம்மச்சினனும் வலது முன்தண்டு மேல பந்தயம் கட்டியிருந்தோம். உறை மாறி வந்துருச்சு."

இன்னாசிமுத்துவின் வாயிலிருந்து பந்தயம் என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. ஆனிமேரி ஜெபப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாமியார் ஓரடி கிட்ட வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "கிரிசாந்தி ஜெயிச்சிட்டாரா? ஹாக்ஸ் கூடயா?"

"ஆமா ஃபாதர்!" என்று முந்திக்கொண்டாள் ஹெப்சிபா. "மொத ரவுண்டுல அந்த ஹாக்ஸ் போட்டு அடி அடின்னு அடிச்சான். எனக்கே பாவமா இருந்துச்சு. மூணாவதுல அவனால கையத் தூக்க முடியல. வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறான். நடுவரே நிறுத்திட்டாரு. மத்த நாலுல வெசெலி தோத்துட்டாரு, மூணு பேரு ஜெயிச்சாங்க. நேத்து ஆல்பின் சொன்ன பேருப்படி மாமாவுக்கு நாலு. சமயநல்லூர் மாமாவுக்கு மூணு."

ஆண்டிச்சாமி கூட்டத்துக்குள் தலையை நீட்டினார். "விலாவச் சொன்னது நாந்தேன்."

"இருங்க, இருங்க," என்று கை நீட்டினார் சவரிமுத்து. "அறுநூறு பேரு சேர்ந்து ஜெபம் பண்ணிருக்காக. எங்க ஹாக்ஸுக்கு யாரு பண்ணா? பரீட்சைல ஒருத்தனுக்கு மட்டும் ஊரே சேந்து சொல்லிக் குடுத்தா ஒத்துக்குவீகளா மச்சான்?"

"நாலு பேரு ஒன் ஆளுந்தான்."

"அஞ்சாவது?"

"அந்தச் சண்டை எட்டு மணிக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு மாமா," என்றாள் ஹெப்சிபா.

"மன்றாட்டு வாசிச்சது எட்டேகாலுக்கு," என்றான் ஆல்பின். "முடிஞ்ச சண்டைக்கு ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகுது?"

சவரிமுத்து விடவில்லை. "ஆண்டவருக்கு முன்ன பின்ன ஏது மாப்ள? எட்டேகாலுக்குக் கேக்கப்போறாகன்னு அவருக்கு ஏழரைக்கே தெரியாதா? சாமியவே கேளுங்க."

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார் கொடியைப் பார்த்தார். "அத மறுக்க முடியாது," என்றார் கடைசியில்.

இன்னாசிமுத்து நன்றாக மாட்டிக்கொண்டார். ஜெபம் பலிக்கவில்லை என்று கோயில் வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. பலித்தது என்றால், இரண்டு வாரம் கண்விழித்துப் பட்டியல் போட்டது, கோடு போட்டது, உதட்டு வெடிப்பைப் பார்த்தது எல்லாம் வீண். நாளைக்கு ஊரில், வாத்தியார் சந்தியாகப்பரைப் பிடித்துத்தான் தேறினார் என்பார்கள். யாருடைய தயவிலும் தேறாதவர் அவர். முன்தண்டு கையில் இருந்தது. ஆனால், அதைவிடப் பெரிதாக ஒன்று கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

"சவரிமுத்து," என்றார். மாப்ள என்று கூப்பிடவில்லை. "இத்தனை பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும். மச்சான் ஜெபத்துல ஜெயிக்கல, கணிச்சு ஜெயிச்சாருன்னு."

"சொன்னா?"

"சப்பரம் போறப்ப ஆல்பின் தூக்குவான். மேலூர் ரோட்டு முக்குல திருப்பி வாரப்ப ஜெர்சன் முன்தண்டத் தூக்கட்டும். இந்த வருசம் மட்டுமில்ல, இனிமே எப்பவும்."

சவரிமுத்துவுக்கு அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. "போறப்பத் தர மாட்டீகளா? போறப்பத்தான் கூட்டம் சாஸ்தி."

"போறப்ப எங்கப்பா தண்டு."

"வாரப்பப் பாதிப் பேரு சாப்பிடப் போயிருவாக மச்சான்."

"வேணாம்னா விடு."

சவரிமுத்து ஜெர்சனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். சவரிமுத்து பந்தலின் நடுவில் வந்து, கொடிமரம் வரைக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க! எங்க மச்சான் கணிச்சுத்தான் ஜெயிச்சாரு! போதுமா?"

"எப்படிக் கணிச்சாருன்னு கேளு."

"எப்படி மச்சான்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் சவரிமுத்து.

இன்னாசிமுத்து சொன்னார். எடை குறைப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். வெந்நீர், விலா, உதடு, நாலு பேரை ஏன் அப்படியே வைத்தார், ஒருவனை ஏன் மாற்றினார், முப்பத்தைந்து வயதுக் கணக்கு ஏன் தவறு. கூட்டம் ஆடி வெயிலில் இருபது நிமிடம் நின்று கேட்டது. நடுவில் நழுவப் பார்த்த இருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார். அவரிடம் படித்தவர்கள்தான். முடிந்ததும் சாமியார், "ரெண்டு பேரும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, கிரிசாந்திக்கு அடுத்த சண்டை எப்போது என்று ஆல்பினிடம் மெதுவாகக் கேட்டபடியே உள்ளே போனார்.

திருவிழாக் கடைசி நாள் சப்பரம் கிளம்பியபோது வலது முன்தண்டில் ஆல்பின் இருந்தான். மேலூர் ரோட்டு முக்கில் சப்பரத்தை இறக்கித் திருப்பினார்கள். ஜெர்சன் முன்னால் வந்தான். ஆல்பின் தோளைத் தேய்த்துக்கொண்டு, சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் பின்னால் போனான். சவரிமுத்து மகனுக்குப் பக்கத்திலேயே, யாரையும் பார்க்காமல், நேராக முன்னால் பார்த்து நடந்தார். அவருக்கு முன்னால் அன்று யாருடைய முதுகும் இல்லை. இன்னாசிமுத்து சப்பரத்துக்குப் பின்னால், முழங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, நிமிர்ந்து நடந்தார்.

அன்று திரும்பி வரும்போது முன்தண்டில் ஜெர்சனைப் பார்த்தவர்கள், தலைமையாசிரியர் பந்தயத்தில் தோற்றுத் தண்டைப் பறிகொடுத்தார் என்று பேசினார்கள். சமயநல்லூர் வரைக்கும் அப்படித்தான் பேச்சு. அது தவறு. இன்னாசிமுத்துவுக்கு நான்கு, சவரிமுத்துவுக்கு மூன்று. அவர் தோற்கவில்லை.